அறங்காவலரும் ஊதியமும்

பிறர் பொருளைக் காப்பவன் அக்காவற்குக் கூலி கொள்ளலாமோ என்னும் வினாவிற்கு, 1882ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் தன் 50ஆம் பிரிவில் விடை பகர்கின்றது. அறத்தை நிறுவிய ஆவணத்தில் வெளிப்படைக் கட்டளையேனும், பொறுப்பேற்குங்கால் பயனுடையாரோடாதல் நீதிமன்றத்தோடாதல் செய்த உடன்பாடேனும் இல்வழி, பொறுப்பாளன் தன் உழைப்பிற்கும் திறத்திற்கும் கழிந்த காலத்திற்கும் ஊதியம் பெறும் உரிமையிலன். முறையாகச் செலவிட்டதை மீட்டுக்கொள்ளும் உரிமையை 32ஆம் பிரிவு தருகின்றது. செலவு வேறு, கூலி வேறு என்பது கருத்து.

அச்சட்டம் சமய அறநிலையங்களுக்கு உரியதன்றென அதன் முதற்பிரிவே விலக்கிற்று. ஆயினும் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், தன் 26ஆம் பிரிவால் அந்நெறியை மேலும் இறுக்கிற்று. கோயிலினின்று ஊதியம் பெறுவாரும், அதன் குத்தகையிலும் ஒப்பந்தத்திலும் தொடர்புடையாரும் அறங்காவலராதற்குத் தகுதியிலர். மடாதிபதிகள் நிலை வேறு. மடத்துச் சொத்தில் அவர்க்குப் பயனுரிமையும் உண்டெனச் சிரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றம் 1954இல் தெளிவித்தது.

ஊதியமில்லான் ஊன்றி உழையான், மறைவிற் கொள்வான் என்பார் உளர். இவ்வுரையின் முற்பகுதி ஓராற்றான் மெய்யே. நிலமும் கடையும் நகையும் கணக்கும் ஓய்வுநேரத்தில் ஓம்பத்தக்கன அல்ல. அதுபற்றியன்றோ ஊதியம் பெறும் நிருவாக அதிகாரியை நியமிக்க 45ஆம் பிரிவு இடந்தந்தது. பிற்பகுதியோ பொருந்தாது. கூலி களவை ஒழிக்குமெனின், கூலி பெறுவாரிடத்து யாண்டும் களவு நிகழ்தல் கூடாது. அது நிகழ்தல் உலகறிந்தது. அன்றியும், காப்பவனே தன் கூலியையும் அளப்பானாயின் அவனைத் தடுப்பார் யார்?

திருமயிலையே இதற்குச் சான்று தருகின்றது. சிவநேசர் தம் மகளையும் செல்வத்தையும் திருஞானசம்பந்தர்க்கு உரிமையாக்கியபின், அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் என்பையும் சாம்பலையும் குடத்திலிட்டு, உரியவர் வருமளவும் காத்தார். அவளை உயிர்ப்பித்த பிள்ளையாரோ, தாம் தந்தைமுறையினர் ஆயினமையின், மணத்தை மறுத்தருளினார். பொறுப்பு வந்தவிடத்துப் பயன் கொள்ளாமை இருவரிடத்தும் விளங்குதல் காண்க.

இனிச் சட்டத்தின் குறை ஒன்றுண்டு. வெளிப்படைக் கூலியை விலக்கிய அது, உறவினர்க்குக் குறைவாடகை, நண்பர்க்கு ஒப்பந்தம் என உருமாறி வரும் கூலியை எளிதிற் காணமாட்டாது. அதனைக் காண்பது கணக்கே. ஆண்டுதோறும் வரவும் செலவும் குத்தகையாளர் பட்டியலும் தமிழில் எழுதிக் கோயில் வாயிலில் வைப்பின், அடியார் ஒவ்வொருவரும் காவலராவர்.

சண்டேசுரர் திருமுன் கைதட்டுவோர், சிவன் பொருள் எதனையும் கொண்டுசெல்லவில்லையென அதனாற் காட்டுகின்றனர் என்பது மக்கள் வழக்கு. வெறுங்கை காட்டும் அக்கடன் வணங்க வந்தார்க்கு உளதாயின், காவல் பூண்டார்க்கு அது பன்மடங்கு உளதென்பது சொல்லாமே அமையும்.