அரக்கு என்று எழுதலாமா?

ஜப்பானியரின் 'லாக்கர்' கலையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் 'அரக்கு வேலை' என்றே எழுதிவிடுகின்றனர். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வரும் மாணவர் ஒருவர், "அரக்குக் கிண்ணத்தில் சூடான ரசத்தை ஊற்றினால் இளகிவிடாதா, சார்?" என்று கேட்டார். அப்போதுதான் மொழிபெயர்ப்பின் பிழை எனக்கு உறைத்தது.

நம் அரக்கு ஒரு பூச்சி தரும் பிசின். அம்பாசமுத்திரத்துச் சொப்புகளின் பழைய முறையை நினைத்துப் பாருங்கள். கடைசலில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வு வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தில் படியும், ஆறியதும் உறையும். மீண்டும் சூடேற்றினால் மீண்டும் இளகும்.

ஜப்பானியர் பூசும் 'உருஷி' ஒரு மரத்தின் பால். அம்மரம் நம் சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைப் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். இது வெயிலில் காய்வதன்று. ஈரப்பதம் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் உள்ள பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும்! பாலிலுள்ள நொதி ஒன்று காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு மூலக்கூறுகளை வலைபோலப் பிணைக்கிறது. பிணைந்தபின் வெப்பத்தாலோ ஸ்பிரிட்டாலோ அதை இளக்க முடியாது.

உலோக அலங்காரமும் இதனால்தான் வேறுபடுகிறது. 'மாகி-எ' முறையில் உருஷியால் சித்திரம் எழுதி, அது இறுகுமுன் தங்கப்பொடி, வெள்ளிப்பொடி தூவுகிறார்கள். சில வேலைகளில் அதன்மேல் மீண்டும் உருஷி பூசி, இறுகியதும் உலோகம் தெரியும்வரை கரியால் தேய்க்கிறார்கள். மெதுவாக இறுகும் பொருள் கைக்கு அவகாசம் தருகிறது. நொடியில் உறையும் அரக்கில் இது நடக்காது.

அதற்காக அரக்கைத் தாழ்த்த வேண்டாம். நம் பொற்கொல்லர் தகட்டை அரக்கில் பதித்துச் சித்திர வேலை செய்கிறார். ஆறியபோது தகட்டை இறுகப் பிடிக்கும் அரக்கு, சூடுகாட்டினால் விட்டுவிடுகிறது. உருஷியால் இது முடியுமா? (நகைக்குள் அடைத்த அரக்கையும் தங்க விலைக்கு விற்பது வேறு வித்தை!)

ஆகவே உருஷியை உருஷி என்றே எழுதலாம். 'மரப்பால் பூச்சு' என்றாலும் குற்றமில்லை. அந்த மாணவருக்கு நான் தரவேண்டியிருந்த விடை இதுதான்: இளகாது, தம்பி, ஜப்பானில் அதில்தான் சூடான சூப் குடிக்கிறார்கள். ஆனால் நம்மூர் வெயிலில் நாள்கணக்கில் வைத்துவிடாதே. புறஊதாக் கதிர் பட்டுப் பளபளப்பு மங்கிவிடும்.