வெகுளியின் இருப்பிடம்: மூளையும் லயமும்

தொல்காப்பியர் வெகுளிக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். உறுப்பறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகளே. சினத்தின் வேரைச் சினப்பவருக்கு வெளியே தேடிய மரபு இது. இன்றைய நரம்பியல் அதனை மண்டையோட்டினுள் தேடுகின்றது. இவ்விரு நோக்குகளையும் உரைத்துப் பார்க்க எல்லைநிலை ஆளுமைக் கோளாறு ஏற்றதோர் உரைகல்லாகும்.

அடோல்ஃப் ஸ்டேர்ன் 1938இல் எல்லைநிலை நோயாளர் பற்றி எழுதினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு இதனைத் தனிக் கோளாறாக ஏற்றது. கைவிடப்படுவோமோ என்ற அச்சம், நிலையற்ற உறவு, அடங்காச் சினம், தன்னையே ஊறுபடுத்தல் ஆகியன இதன் அறிகுறிகளுட் சில. அபாயத்தை உணரும் அமிக்டலா மிகையாகக் கிளர்வதையும், அதனை அடக்கியாளும் முன்மூளைப் புறணி தளர்வதையும் படிம ஆய்வுகள் பல காட்டியுள்ளன.

இவ்வறிவின் பயன் பெரிது. 'பிடிவாதக்காரி', 'பேய் பிடித்தவள்' என்று லயத்தில் தூற்றப்படும் பெண்ணின் துயரம் நடிப்பன்று என்பதற்கு இது சான்றாகும். எனினும், இவ்வேறுபாடுகள் குழுக்களின் சராசரிகளே. பிற உளநோய்களிலும் காணப்படுவன. மூளைப் படத்தை மட்டுமே காரணமாகக் கொள்வது, காய்ச்சலுக்கு வெப்பமானியைக் காரணங்காட்டுவது போலாகும்.

மார்ஷா லினஹன் 1993இல் விரித்துரைத்த உயிர்சமூகக் கொள்கை இதனினும் பொருத்தமுடையது. இயல்பிலேயே கூருணர்வுடைய குழந்தையும் அதன் உணர்வை ஓயாது மறுக்கும் சூழலும் ஒன்றையொன்று தாக்குவதால் நோய் உருவாகின்றது என்பது அதன் சாரம். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில், தாய் மத்திய கிழக்குக்குச் சென்றபின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒதுங்கி அழவும் இடமின்றி வளரும் பிள்ளையை இக்கொள்கை நினைவூட்டுகின்றது. ஆயினும் வறுமையே நோயாகிவிடாது. அதே லயத்தில் வளர்ந்தோருட் பெரும்பாலார் இதற்கு ஆளாவதில்லை. நஞ்சருந்திய ஒவ்வொருவருக்கும் இந்நோயின் பெயரைச் சூட்டுவதும் தவறே.

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின், 2005 அளவில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதற்காக எவரது மூளையும் மாற்றப்படவில்லை. கைக்கெட்டிய நஞ்சே அகற்றப்பட்டது. உணர்ச்சி வேகம் கணப்பொழுதினது. அதனைக் கடந்தவர் வாழ இயலும். அவ்வாறு கடந்து வருவோரின் சொல்லைத் தமிழில் செவிமடுக்கும் உளவளத்துணை தோட்டந்தோறும் கிட்டாதவரை, அமிக்டலா பற்றிய நமது அறிவு ஏட்டறிவாகவே எஞ்சும்.