தூண்களில் எஞ்சிய கைகள்

இத்தாலியின் ரவென்னா நகரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புனித விதாலிஸ் ஆலயத்திலேயே தங்கிவிடுகின்றனர். பேரரசர் யுஸ்தினியானும் அரசி தெயோதோராவும் பரிவாரம் சூழ நிற்கும் அவ்வாலயத்தின் மொசைக் ஓவியங்கள் அழகியவைதாம். ஆயினும் ரவென்னாவுக்கு ஒருமுறையேனும் வந்திராத அவ்விருவரையும் பீடத்தையொட்டிய சுவர்களில் நிறுத்திய துணிவை நாம் சற்றே ஐயத்தோடுதான் நோக்குகிறோம். இந்நகரின் உண்மையைச் சொல்லும் சுவர் வேறோர் ஆலயத்தில் உள்ளது.

493இல் ரவென்னாவைக் கைப்பற்றிய கோத்திய மன்னன் தெயோதோரிக் தன் அரண்மனையையொட்டி எழுப்பிய அவ்வாலயம் இன்று 'புதிய புனித அப்பொலினாரிஸ் ஆலயம்' எனப்படுகிறது. மன்னன் ஆரியுசின் வழியினன். மகன் தந்தைக்குக் குறைந்தவர் என்னும் அக்கொள்கையை 325இலேயே நீசேயா சங்கம் தப்பறையெனத் தள்ளியிருந்தது. 540இல் நகரம் யுஸ்தினியானின் படைகள் வசமாயிற்று. சுமார் 561இல் பேராயர் அஞ்ஞெல்லுஸ் ஆலயத்தைக் கத்தோலிக்க வழிபாட்டுக்கு மாற்றித் தூர்ஸ் நகர்ப் புனித மார்த்தினுக்கு அர்ப்பணித்தார்.

சுவரும் திருத்தப்பட்டது. மன்னனின் அரண்மனையைக் காட்டும் மொசைக்கில் வளைவுதோறும் நின்ற மனித உருவங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவர்கள் தெயோதோரிக்கின் அரசவையினர் என்பது அறிஞர் கருத்து. அவர்கள் நின்ற இடத்தில் இப்போது திரைச்சீலைகள் தொங்குகின்றன. ஆனால் தூண்களின்மீது படிந்திருந்த சில கைகள் மட்டும் அப்படியே உள்ளன. திரைக்குப் பின்னிருந்து எவரோ தூணைப் பற்றியிருப்பது போன்ற தோற்றம்!

நம்மை இன்னும் ஆழமாகத் தொடுவது அதே சுவர்களின் மேல்வரிசை. அங்கே ஆண்டவரின் வாழ்வைச் சொல்லும் 26 காட்சிகள் உள்ளன. அவை தெயோதோரிக்கின் காலத்தவை. எனினும் எவரும் அவற்றைத் தொடவில்லை. மகனைக் குறைந்தவர் என்றவர்கள், இறுதி இராவுணவில் ஊதா ஆடையும் சிலுவை பொறித்த ஒளிவட்டமும் அணிவித்து அவரை எத்துணை மாட்சியுடன் அமர்த்தியிருக்கின்றனர்! பேராயரின் ஆட்களுக்கு அங்கே திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை போலும். கிறிஸ்துவின் உருவத்தைப் பொதுவுடைமையாக ஏற்க முடிந்தவர்களால், அதே ஆலயத்தில் செபித்தவர்களின் உருவங்களைப் பொறுக்க முடியவில்லை. அரசியல் மாற்றம் என்று மட்டும் இதனை விளக்கிக் கடந்துபோகும் நூல்கள் நமக்கு நிறைவு தருவதில்லை. ஏனெனில் அந்தக் கற்களைப் பெயர்த்தது நம் திருச்சபை.

கத்தோலிக்கர் சேர்த்த கன்னியர், மறைசாட்சியர் பவனிகள் பெரும்புகழ் பெற்றவை. பொன்னொளி உண்டு, முகங்களோ ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன.

அரண்மனைக் காட்சி, நுழைவாயிலையடுத்து வலப்புறச் சுவரின் தொடக்கத்திலேயே உள்ளது. பீடத்தை நோக்கி விரைவோர் கண்ணில் அது படாது. நுழைந்ததும் நின்று, அண்ணாந்து பார்க்க வேண்டும்.