மரபுத்தொடரின் சாதி

ஆங்கில மரபுத்தொடர் கைடுகளில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். 'ஒயிட் எலிஃபெண்ட்' என்றால் வைத்துக் கட்டுப்படியாகாத சொத்து. 'ரெட் டேப்' என்றால் அலுவலக இழுத்தடிப்பு. மனப்பாடம் பண்ணு, எழுது, மார்க் வாங்கு. இந்த வரிசையில் 'சோஷியல் பரையா'வும் வரும். பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். அவ்வளவுதான். யார் ஒதுக்குனா, எதுக்கு ஒதுக்குனா என்று வலப்பக்கம் சொல்லாது.

'பறையர்' என்ற நம்மூர்ச் சாதிப்பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஏடுகளில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் பொதுச்சொல்லாகிவிட்டது. யூதர்களைப் பற்றிப் பேச மாக்ஸ் வெபர் எடுத்துக்கொண்டார், 1944இல் ஹன்னா அரெண்டும். அரெண்டின் எழுத்தில் அச்சொல்லுக்கு ஒரு தன்மானம்கூடக் கிடைத்தது. சொல்லுக்குக் கிடைத்தது, சொல்லுக்குரிய மனிதருக்கு இங்கே கிடைக்கவில்லை.

கைடு மறைக்கும் இன்னொரு கதை ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கிறது. 1806இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே இதன் வழியாகத்தான் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவரை மயிலாடிக்கு அழைத்தவர் வேதமாணிக்கம், பறையர் சமூகத்தவர். இப்பகுதியின் மிஷன் பள்ளிகள் அந்த அழைப்பின் பின்னால் வந்தவை. பள்ளிக்கூடம் வர வழி செய்தவரின் இனப்பெயரைத்தான் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் சொல்லி முடிக்கிறது.

தமிழ்ப் பத்திரிகைகளும் சளைத்தவையல்ல. கூட்டணிப் பேச்சு வந்தால் 'அது என்ன தீண்டத்தகாத கட்சியா?' என்று எழுதுவார்கள். 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. உவமையில் அது சௌகரியமாக இருக்கிறது. சீட்டு பேரம் படியாத கட்சியின் சங்கடமும் டீக்கடையில் தனி கிளாஸ் நீட்டப்பட்டவரின் அவமானமும் ஒரே தட்டில்.

'சொல்லு தேஞ்சு போச்சு, இப்ப யாரு சாதிய நெனச்சுச் சொல்லுகா?' என்பார்கள். தேய்ந்தது யாருடைய காதுக்கு? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கினார். வசையைத் தன் பெயராக்கி எதிரில் நிறுத்திய செயல் அது. அவர் சொன்னதும், அந்த வலியே படாதவர் உவமைக்கு எடுப்பதும் ஒன்றாகாது.

சொல்லைத் தடைசெய்யச் சொல்லவில்லை. வலப்பக்கப் பத்தி முடியவில்லை என்கிறேன். யாரால், எதற்காக, எதுவரை என்பதையும் அங்கே எழுத வேண்டும். மொழிபெயர்ப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் வகுப்பில் நிற்பவர்களும் செய்ய வேண்டிய வேலை இது.