மணி கட்டிய கரண்டி

மகாராஜபுரத்தில் மார்கழிக் குளிர் மேற்கிலிருந்து இறங்கும். மலை அவ்வளவு பக்கம். விடிகாலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும்போது போர்வையைத் தோளுக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும், காலுக்கு இழுத்தால் தோள் தெரியும். "இந்த லீவுலயாச்சும் பெருசா ஒரு விரிப்பு தச்சிருவோம் தாயி" என்று அத்தை பழஞ்சேலை மூட்டையை அவிழ்த்தார். நான் மதுரையிலிருந்து கொண்டுவந்த பெட்டியும் அன்றுதான் பிரிந்தது. உள்ளே தானாகக் கிண்டும் கருவி.

மூன்று கால், மேலே ஒரு கைப்பிடி, நடுவில் மோட்டாரும் மின்கலமும். பாத்திரத்துக்குள் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் கால்களைச் சுழற்றிக்கொண்டு தானே வட்டமடிக்கும். மூன்று வேகம், விலை இரண்டாயிரத்துக்குள். மற்றதெல்லாம் பெட்டி மேலேயே அச்சாகியிருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இதே பொருள் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் வலம் வருகிறது.

வாங்கியதே பால்கோவாவுக்காக. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடைக்குக் கடை ருசி பார்த்து வாங்கலாம், அது வேறு கதை. வீட்டுப் பசு கறக்கிற காலத்தில் கடைப் பால்கோவாவை வாசலுக்குள் விடுவதில்லை என்பது அத்தையின் சட்டம். ஆனால் கோவா கிண்டவும் கை வேண்டும், விரிப்பு தைக்கவும் கை வேண்டும். இருக்கிற இரண்டு கையையும் துணிக்குக் கொடுத்துவிட்டுப் பாலை இயந்திரத்திடம் விட முடியுமா? மூன்று வாரம் நான் பார்த்தது அதைத்தான்.

விரிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மேல்துணி சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலைகள். முப்பது வருடம் துவைத்துத் துவைத்துப் பூனைக்குட்டி வயிறு மாதிரி ஆகிவிட்டவை. அடித்துணி மாமாவின் வேட்டிகள். நடுவில் பஞ்சுக்குப் பதிலாகச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, நாலு மடிப்பு. ராஜபாளையத்தை அடுத்த அந்த ஊரில் தறிக்குத் தறி மருத்துவமனைத் துணிதான் ஓடும், அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் பால் வடிகட்டவும் தரை துடைக்கவும்கூட அதுதான். மூன்றையும் அடுக்கி, ஓரத்தில் சேலைக் கரையை மடித்து, நீளவாக்கில் ஓட்டுத்தையல். வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர், கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். நம்முடைய 'கந்தை'யும் அந்த வடமொழிச் சொல்லின் கிளைதான். நமக்கு மட்டும் அது கசக்கிக் கட்டுவதற்கு மேல் உயரவே இல்லை.

முதல் நாள் இரண்டு லிட்டர் பால். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர், ஆக ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரின் பெரும்பகுதியை ஆவியாக அனுப்பிவைப்பதுதான் பால்கோவா என்பது. கருவி உர்ரென்று சுற்றியது, பால் பொங்கவில்லை, ஆடை கட்டவில்லை. நானும் அத்தையும் திண்ணையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைத்தோம். ஒரு நூல் கோத்து அது தீரும்வரை தைத்து முடிப்பதை 'ஒரு நூல்' என்பார் அத்தை. மூன்றாவது நூல் பாதியில் இருக்கும்போது அவர் மூக்கை உறிஞ்சினார்.

"பால் புடிக்குது."

ஓடிப்போய்ப் பார்த்தால் கருவி நடுப் பாத்திரத்தில் நின்றுகொண்டிருக்கிறது, பரீட்சையில் பதில் தெரியாத பையன் மாதிரி. விளக்கு அணைந்திருக்கிறது. சத்தம் இல்லை, சமிக்ஞை இல்லை. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பக்கத்திலேயே நின்று கடிகாரம் பார்த்தேன்: இருபத்தாறாவது நிமிடம். பொடி எழுத்துக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் காரணம் இருந்தது. உள்ளே சூடு அளவை மீறினால் மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுமாம். கொதிக்கிற பாலின் நேர் மேலே, அத்தனை நீராவியிலும் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற பொருளுக்குச் சூடேறாமல் என்ன செய்யும்? நிற்பதைக்கூட மன்னிக்கலாம். சொல்லாமல் நிற்பதை எப்படி மன்னிப்பது?

நம் சமையலறையில் எல்லாம் பேசும். 1959-ல் ஹாக்கின்ஸும் பிரஸ்டீஜும் இந்தியாவில் குக்கர் செய்யத் தொடங்கியதிலிருந்து பருப்புக்கு எத்தனை, அரிசிக்கு எத்தனை என்று விசிலை எண்ணியே நாம் அடுத்த வேலையைப் பார்க்கிறோம். துணி உலர்த்தப் போன இடத்திலிருந்தே "ரெண்டு வந்திருச்சு, நிறுத்து" என்று கத்தலாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டர் அத்தை வீட்டில் இன்னும் ஓடுகிறது. உளுந்து பொங்கி வரும்போது அதன் கடகடப்பு அமுங்கிச் சளசளவென்று மாறும், அத்தை கொல்லையில் இருந்தபடியே தண்ணீர் தெளிக்க வருவார். என் பழைய பிரீத்தி மிக்ஸி சட்னி அரைபட்டதும் குரல் மாறும், அளவுக்கு மேல் தேங்காய் போட்டால் திட்டும். இயந்திரத்தை நம்பிவிட்டு அப்பால் போவதென்றால் காதை அதனிடம் விட்டுவிட்டுப் போவது. ஐந்து ரூபாய் பெறாத ஒரு பீப் ஒலியை இதில் வைக்காமல் விட்டவர் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பாரா என்பதே சந்தேகம்.

பால் விஷயத்தில் இது சின்னக் குறையும் இல்லை. எழுபது டிகிரியைத் தாண்டினாலே பாலின் மோர்ப்புரதம் சுருள் அவிழ்ந்து சூடான உலோகத்தில் போய் ஒட்டத் தொடங்கும். ஒட்டியதை உடனுக்குடன் வழித்துவிட்டால் அது கோவா. இரண்டு நிமிடம் விட்டால் பால் சர்க்கரையோடு சேர்ந்து சிவக்கும், அதுவரைகூட ருசிதான். ஐந்து நிமிடம் விட்டால் தீய்ந்த வாடை பாத்திரம் முழுக்கப் பரவும், அதற்குப் பிறகு ஏலக்காய் போட்டும் பயனில்லை.

தீர்வு கண்டது அத்தை. ஐந்தாம் நாள் தொழுவத்துக்குப் போய்க் கன்றுக்குட்டி கழுத்திலிருந்த சின்ன வெண்கல மணியை அவிழ்த்துவந்து, கழுவி, கருவியின் கைப்பிடியில் கட்டினார். அது வட்டமடிக்கும்போது மணி விட்டுவிட்டுக் குலுங்கியது. "இனி மேய விடு" என்றார். மணி கேட்கிறவரை தையல். மணி நின்றால் எழுந்து ஓடிக் கருவியை எடுத்துத் தட்டில் கவிழ்த்து ஆறவைத்து, பத்து நிமிடம் நாமே கிண்டிவிட்டு மறுபடி இறக்குவது. அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் போனவர்களில் இருவர் தண்ணீர் கேட்டு வந்து, அடுக்களையில் மாடு கட்டியிருக்கிறோமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மணி கட்டிய பிறகுதான் அதன் நல்ல குணமும் தெரிந்தது. முதல் முக்கால் மணி நேரம், பால் பாலாகவே இருந்து வற்றுகிற அந்தச் சலிப்பான நேரத்துக்கு, இதைவிட நல்ல ஆள் கிடையாது. நான்கு நூல் தைக்கலாம். முருங்கைக்கீரை ஆயலாம். சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம், அதைத்தான் பெரும்பாலும் செய்தேன். பாயசத்துக்கும் ரசமலாய்ப் பாலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். காதை மூடாமல்.

பால் குழம்பாகத் திரண்ட பிறகு கதை மாறும். கால் சிக்கிக்கொண்டு, காலுக்குப் பதில் தலை சுற்றும். 250 கிராம் சர்க்கரையைக் கொட்டியதும் கோவா இளகிக்கொடுக்க, ஐந்து நிமிடம் உற்சாகமாக ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும். கடைசி அரைமணி உங்கள் கைதான், இரும்புக் கரண்டிதான்.

உருண்டை அடியுள்ள வாணலி இதற்கு ஆகாது. மூன்று கால்களும் நடுக்குழியில் வந்து கூடிக்கொண்டு, குளிரில் ஒடுங்கிய ஆட்டுக்குட்டி போல நிற்கும், சுற்றுச் சுவரெல்லாம் பால் ஒட்டும். தட்டை அடிப் பாத்திரத்தில் போட்டால் நடு சுத்தமாகிறது, ஓர வளைவு சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவக்கிறது. அந்தச் சிவந்த வளையத்தை வழித்துத் தின்பதற்குப் பிள்ளைகளிடையே சண்டை நடந்ததால் இதைக் குறையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. மின்னூட்டும் துளையைக் காலுக்கு அருகில் வைத்து ரப்பர் மூடி போட்டிருக்கிறார்கள், அந்த இடுக்கில் போன பாலை எடுக்கத் தையல் ஊசி தேவைப்பட்டது. வீட்டில் அப்போது ஊசிக்குப் பஞ்சமில்லை.

வாங்கலாமா என்றால், பால் நிறையக் காய்ச்சுகிறவர்கள், தட்டை அடிப் பாத்திரம் வைத்திருப்பவர்கள், மணி ஒன்று கைவசம் உள்ளவர்கள் வாங்கலாம். அல்வாவுக்காக வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்துக்கு நெய் வாங்கலாம்.

விரிப்பு போகிக்கு முந்தின நாள் முடிந்தது. இருவர் போர்த்தினாலும் கால் மூடுகிறது. மடித்து வைக்கும்போது அத்தை ஒரு மூலையை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். என் பக்கத்துத் தையலில் நான்கு இடங்களில் நூல் கோணிக்கொண்டு, ஊசி நெல்மணி அளவிலிருந்து திடீரென்று விரற்கடை நீளத்துக்குத் தாவியிருந்தது. அடுக்களைக்கு எழுந்து ஓடிய நாலு தடவை. பிரித்துத் தைக்கட்டுமா என்றேன். வேண்டாம், துவைத்தால் அடங்கிவிடும் என்றார்.

மதுரைக்குக் கிளம்பும் அன்று கருவியை மட்டும் எடுத்துப் பையில் வைக்கப் போனேன்.

"இத இங்கயே வச்சிட்டுப் போகட்டுமா அத்தை?"

"ஒன்னோட சாமான் எனக்கெதுக்கு? கொண்டு போ. மணிய மட்டும் அவுத்துக் குடு. கன்னு ரெண்டு நாளா எங்க போவுதுன்னே தெரியல."