வன்தட்டுக்கு வந்த விக்கல்

தை பிறந்தால் மதுரைப் பக்கம் கேமராக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் காளை தலையை நீட்டியதும் விரல் பட்டனில் ஒட்டிக்கொள்ளும். விநாடிக்கு 10 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் 5 விநாடி அழுத்தினால் 50 படம். ஒரு ரா ஃபைல் 25 எம்பி என்றாலும், ஒரே காளைக்கு ஒன்றேகால் ஜிபி போச்சு. என் 512 ஜிபி லேப்டாப் பொங்கல் முடிவதற்குள் மூச்சு முட்டி நின்றது.

இடத்தை மீட்க நான் எடுத்த கருவி 'ச்காஃப்கா'. போலந்து மொழியில் விக்கல் என்று அர்த்தம். காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதலில் அச்சு அசலான நகல்களைத் தேடவிட்டேன். ஃபைல் பெயர் மாறியிருந்தாலும் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுப் பிடித்துவிடுகிறது. இறக்கிய மெமரி கார்டையே மறந்துபோய் மறுபடி இறக்கிய என் வண்டவாளம் அப்படியே பட்டியலாக வந்தது. மூலப்படங்கள் உள்ள ஃபோல்டரை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிட்டால் அதில் கை வைக்காது. இந்த ஒரு வசதிக்கே தாராளமாக மார்க் போடலாம்.

அடுத்தது 'ஒத்த படங்கள்' தேடல். இங்கேதான் ஆபத்து. ஒரு காளையைத் தொடர்ந்து எடுத்த 'பர்ஸ்ட்' படங்கள் முழுவதையும் ஒரே குழுவாக அடுக்கியது. அதன் கண்ணில் பட்டது ஒரே காளை, ஒரே புழுதி. எனக்கு முக்கியம், மாடுபிடி வீரரின் கை திமிலிலிருந்து நழுவுகிற அந்த ஒரு ஃப்ரேம். 'பெரிய ஃபைலை வைத்துக்கொண்டு மற்றதைத் தேர்ந்தெடு' என்று சொல்லிப் பார்த்தேன். அது காப்பாற்றியது, காளை மங்கி, பின்னால் கேலரியில் இருக்கும் கூட்டம் பளிச்சென்று விழுந்த படத்தை! நுணுக்கம் கூடினால் ஜேபெக் பருமனாகும். பருமனான படம் நல்ல படம் ஆகிவிடாது. பர்ஸ்ட்டை நம் கண்தான் சலிக்க வேண்டும்.

நகல்களைவிட அதிகமாக இடத்தை விழுங்கிய பூதம் வேறிடத்தில் இருந்தது. லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் கேட்டலாக் பக்கத்தில் இருக்கும் 'ப்ரிவ்யூஸ்' ஃபோல்டரின் அளவைப் பாருங்கள். ஒரு படத்தை முழு அளவில் பார்த்தால் லைட்ரூம் அதற்கு ஒரு ப்ரிவ்யூ பிரதி செய்து வைக்கிறது. லைப்ரரி மெனுவில் '1:1 ப்ரிவ்யூ நீக்கு' கொடுத்தால் மூலப்படத்துக்குச் சேதமில்லாமல் இடம் திரும்புகிறது. வேண்டியபோது மறுபடி உருவாகிக்கொள்ளும். என் லேப்டாப்பில் நகல்களை ஒழித்ததைவிட இதில்தான் அதிகம் மிச்சம்.

எச்சரிக்கை மூன்று. லைட்ரூமில் சேர்த்த படத்தை வெளியிலிருந்து அழித்தால் கேட்டலாக் 'ஃபைலைக் காணோம்' என்று புலம்பும், அதற்குள்ளேயே அழியுங்கள். ச்காஃப்காவின் செட்டிங்கில், அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போகும்படி வையுங்கள். பின்னைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். அதற்கு முன்னால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பேக்கப்.

பலம்: இலவசம், ரெஃபரன்ஸ் ஃபோல்டர்.
பலவீனம்: பர்ஸ்ட் படங்களில் நல்லது கெட்டது தெரியாது.
தீர்ப்பு: கார்டை இரண்டு முறை இறக்கும் மறதிக்காரர்களுக்குக் கட்டாயம் தேவை. ப்ரிவ்யூவைக் காலி செய்த பிறகு ச்காஃப்காவைத் திறவுங்கள்.