பெரியாறு நிவர்சிட்டி

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியை ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதுங்கள். ‘பெரியார்’, ஒட்டினாற்போல் ‘யுனிவர்சிட்டி’, அப்புறம் டாட் ஏசி டாட் இன். எழுதியாச்சா? இப்போது புதுசாகப் பார்க்கிற ஆள் மாதிரி இடமிருந்து படியுங்கள். முதல் எட்டு எழுத்தில் என்ன வருகிறது? பெரியாறு! மிச்சம் இருப்பது ‘நிவர்சிட்டி’. 1997-ல் ஈ.வெ.ரா. பெயரில் தொடங்கிய பல்கலைக்கழகம், கண் அரை நொடி அசந்தால் கேரளத்து ஆற்றில் போய் விழுகிறது.

முதல் ‘பி’யையும் நடுவில் உள்ள ‘யு’வையும் மட்டும் பெரிய எழுத்தாக்கிப் பாருங்கள். வெள்ளம் வடிந்துவிடும். செலவு, பைசா கிடையாது.

“பெரிய எழுத்தில் போட்டால் வெப்சைட் திறக்காதே சார்?” என்று ஒரு நம்பிக்கை நம்மூர் பிரின்டிங் பிரஸ் முதல் பிளெக்ஸ் பேனர் கடை வரை பரவலாக இருக்கிறது. திறக்கும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த டொமைன் பெயர் ஏற்பாட்டை வகுத்தபோதே பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்கக் கூடாது என்று வைத்துவிட்டார். 2006-ல் இதைத் தெளிவுபடுத்தவே தனியாக ஒரு ஆவணம் போட்டார்கள். கம்ப்யூட்டரின் கணக்கில் பெரிய ‘ஏ’ 65, சின்ன ‘ஏ’ 97. இருபத்தாறு எழுத்துக்கும் இதே 32 வித்தியாசம். முகவரி தேடும்போது அந்த 32-ஐ அது கண்டுகொள்வதில்லை. பிரவுசரும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றித்தான் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: டாட் காம், டாட் இன் எல்லாம் முடிந்து ஒரு சாய்கோடு போட்டு அதற்குப் பின்னால் வருகிற சமாசாரத்தில் பல இடங்களில் பேதம் உண்டு. அங்கே கை வைக்காதீர்கள்.

ஆக, மெஷினுக்கு இரண்டும் ஒன்று. மனிதனுக்கு ஒன்றல்ல. பிறகு ஏன் மெஷினுக்குப் பிடித்த மாதிரியே எழுதிக்கொண்டிருக்கிறோம்?

சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் நாமக்கல், போர்வெல் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்காரர்களின் ஊர் சங்ககிரி. பின்பக்கப் பலகையில் சவுண்ட் ஹாரனும், குழந்தைகள் பெயரும், குலதெய்வமும் தவிர இப்போதெல்லாம் ஒரு வெப்சைட் முகவரியும் இருக்கிறது. அது இரண்டே ரகம்: ஒன்று, முழுக்கப் பெரிய எழுத்தில் ரயில்பெட்டி கோத்தாற்போல், இல்லை, முழுக்கச் சின்ன எழுத்தில் எறும்பு வரிசை. எதிரே வருகிற லாரி 80 கிலோமீட்டர் வேகம், நீங்களும் 80 என்றால், இருவரும் நொடிக்கு 44 மீட்டர் நெருங்குகிறீர்கள். பின்னால் போகிறீர்கள் என்றாலும் ஓவர்டேக் செய்கிற அவகாசம்தான். அந்த நேரத்துக்குள் பதினெட்டு எழுத்தைப் பிரித்து, அர்த்தம் கண்டு, மனதில் வாங்க வேண்டும். பிரிட்டனில் 1963-ல் வொர்பாய்ஸ் கமிட்டி சாலைப் பலகைகளை மாற்றச் சொன்னபோது, ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வர்ட்டும் ஊர்ப்பெயர்களை முதலெழுத்து மட்டும் பெரிதாக, மற்றதைச் சின்னதாக வரைந்தார்கள். வேகத்தில் போகிறவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்க்கிறான் என்பது கட்சி. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் எல்லாச் சொல்லும் ஒரே செங்கல் சைஸ்.

முட்டைக்கு வருவோம். நாமக்கல்லில் காலையில் கண் விழித்ததும் பலர் பார்ப்பது முட்டை விலை. அதை அறிவிக்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் ஏற்பட்டது, என்.இ.சி.சி. என்றால் கோழிப் பண்ணையில் தீவனம் போடுகிறவருக்கும் தெரியும். தளத்தின் பெயர் ‘ஈ 2 என்இசிசி’ டாட் காம். சின்ன எழுத்தில் பார்த்தால் ‘நெக்’ என்று வாசிக்கத் தோன்றுகிறது. முட்டைக்காரர்களுக்கு எதற்குக் கோழிக் கழுத்து? நான்கு எழுத்தையும் பெரிதாக்கி, முன்னால் உள்ள ‘ஈ’யைச் சின்னதாக விட்டால் குழு தெரிகிறது. சேகோசர்வுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. 1981-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம். சேகோ, சர்வ் என்று இரண்டே சொல், எப்படி எழுதினாலும் உடைகிற இடத்தில்தான் உடையும். பெயர் வைத்த புண்ணியவானுக்கு நமஸ்காரம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாளைக்கே நீங்கள் சேலத்து மல்கோவாவை ஆன்லைனில் விற்கலாம் என்று கிளம்பி ‘சேலம் மேங்கோஸ்’ என்று ஒரு முகவரி பதிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதையும் சின்ன எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘சேலம் மேன் கோஸ்’. சேலத்துக்காரர் எங்கேயோ போகிறார். மாம்பழத்தைக் காணோம்.

சிரிப்பு இருக்கட்டும். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அரசாங்க முகவரிகள். ‘டிஎன் இ-சேவை’ என்பதைச் சின்ன எழுத்தில் சேர்த்து எழுதினால் ‘ட்னே சேவை’. ‘டிஎன் இ-டிஸ்ட்ரிக்ட்’ இன்னும் மோசம். ‘டிஎன்இடி’ என்று ஏதோ பரீட்சை போலவும், அதற்குப் பின்னால் ‘இஸ்ட்ரிக்ட்’ என்று அப்பா அதட்டுவது போலவும் இருக்கிறது. வேலைவாய்ப்புப் பதிவுக்கான தளம் ‘டிஎன் வேலைவாய்ப்பு’. பதினான்கு எழுத்து, அதில் ‘வாய்’க்கு இரண்டு ‘ஏ’, ‘ப்பு’வுக்கு இரண்டு ‘பி’. ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ பிளஸ் டூ முடித்துவிட்டு செல்போனில் தட்டுகிற பெண்ணுக்கு இது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. மாநிலத்தின் இரண்டு எழுத்தைப் பெரிதாக்கி, ‘வி’ வருகிற இரண்டு இடத்தையும் பெரிதாக்கி அச்சடித்திருந்தால், ‘ஓ, வேலை, வாய்ப்பு’ என்று தானே பிரிந்திருக்கும். இந்தச் சின்ன உபகாரத்தைச் செய்ய எந்தக் கோப்பும் நகர வேண்டாம்.

கண் தெரியாதவர்களையும் நினைத்துப் பாருங்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற மென்பொருளுக்கு எறும்பு வரிசை என்றால் திண்டாட்டம். சொல்லுக்குச் சொல் பெரிய எழுத்து இருந்தால் பல சமயம் ஒழுங்காகப் பிரித்துப் படிக்கிறது. ஹாஷ்டேக்குகளுக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். 2013-ல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது ‘இப்போது தாட்சர் இறந்துவிட்டார்’ என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு ஹாஷ்டேக் ஓட, பாடகி ஷெர் போய்விட்டதாக அவருடைய ரசிகர்கள் பலர் பதறிப் போனார்கள். ஷெர் நலமாக இருந்தார். பெரிய எழுத்து இல்லாததுதான் குற்றம்.

பெரிய எழுத்தில் ஒரு வில்லத்தனமும் உண்டு. ஆங்கிலப் பெரிய ‘ஐ’யும் சின்ன ‘எல்’லும் பல அச்செழுத்துகளில் இரட்டைப் பிள்ளைகள். 2000-ல் பேபால் பெயரில் மோசடி மெயில் அனுப்பியவர்கள் கடைசி ‘எல்’லுக்குப் பதில் பெரிய ‘ஐ’ போட்டார்கள். பிரவுசர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிக் காட்டினால் இந்த வேஷம் கலைந்துவிடும். அதனால் பலகையில், நோட்டீசில், விசிட்டிங் கார்டில் படிப்பதற்காகப் பெரிய எழுத்து. பணம் கட்டும் முன் பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒரு தடவை சின்ன எழுத்தில் சரிபார்ப்பது. இரண்டும் வேண்டும். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் இந்த மாதிரி மாறுவேஷங்களுக்குப் பயந்துதான்.

பிளெக்ஸ் அடிக்கிற நண்பர்களுக்கு இன்னும் இரண்டு விண்ணப்பம். முகவரிக்கு அடிக்கோடு போடாதீர்கள். நடுவில் உண்மையாகவே ஒரு கோடு இருந்தால் மறைந்துவிடும். இடம் போதாமல் அடுத்த வரிக்கு உடைத்தால், உடைத்த இடத்தில் நீங்களாக ஒரு சின்னக் கோடு சேர்க்காதீர்கள். படிக்கிறவர் அதையும் சேர்த்துத்தான் அடிப்பார்.

“தமிழிலேயே முகவரி வைத்துக்கொண்டால் இந்தப் பெரிசு சின்னது வம்பே இல்லையே” என்பீர்கள். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஆனால் பெரிய எழுத்து இல்லாத மொழி, இடைவெளியும் விட முடியாத இடம். ஓலைச்சுவடியில் அப்படித்தான் இருந்தது. சொல்லும் சொல்லும் ஒட்டி, பல இடங்களில் புள்ளிகூட இல்லாமல். உ.வே.சா. பட்ட பாடு நமக்குத் தெரியும். நன்னூல்காரர் ‘பொதுமொழி’ என்று ஒரு வகையே வைத்திருக்கிறார்: தாமரை என்றால் பூ, பிரித்தால் ‘தாவுகிற மரை’. நாமக்கல் லாரிக்காரர்கள் தமிழில் ஒரு முகவரி வைக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன். நாமக்கல்லாரி. கல்லாரி என்றால் என்ன என்று யாராவது கேட்பார்கள். நடுவில் ஒரு கோடு போடத்தான் வேண்டும். போனில் சொல்லும்போது, “ஹைபன்னா எது சார், கீழ்க்கோடா நடுக்கோடா?” என்று எதிர்முனை கேட்கும்.